பத்துக்கு நாலு

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க அண்ணாச்சி. மடியில இருக்கிற காகிதம் பறந்திச்சின்னா என் வேலையும் சேந்து பறந்திரும். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கணும். கொடுக்கலைன்னா பத்தொன்பது வருஷ வேலை போச்சு.

நீங்க எதுவரைக்கும்? தென்காசியா? நான் கடையத்துல எறங்கிருவேன். கரண்ட் ஆபீஸா? லைன்மேனா இருக்கீங்களா, சரி சரி. நான் பேராசிரியர். இன்ஜினியரிங் காலேஜ்ல இங்கிலீஷ். ஆமா, அதே காலேஜ்தான். மெஸ்ல பாய்லர் வெடிச்சதைப் பேப்பர்ல பாத்திருப்பீங்க. சமையல் மாஸ்டர் வெந்து போனானே, அதான். அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு கேளுங்க. ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனா ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு, கடைசில என் தலையில வந்து நிக்கி.

நான் எம்.ஏ., எம்.பில். அண்ணாச்சி. இருநூறு வருஷத்துக்கு முந்தின கவிதையை ஆராய்ச்சி பண்ணினவன். என்னைக் கொண்டுபோயி, மூணாம் வருஷ மெக்கானிக்கல் பயலுவளுக்கு டெக்னிகல் ரைட்டிங் எடுங்கன்னு விட்டாங்க. அது என்னன்னு தெரியுமா? மெமோ எழுதுறது, மெயில் எழுதுறது, மிஷினை எப்படி ஓட்டணும்னு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எழுதுறது, ஏதாவது கெட்டுப் போச்சுன்னா மேல உள்ளவனுக்கு அறிக்கை எழுதுறது. இதெல்லாம் ஒரு பாடம். இதுக்கு ஒரு வாத்தியாரு. நட்டு முடுக்குற பயலுக்கு எழுத்து எதுக்கு? அவன் எழுதி என்ன கிழிக்கப் போறான்?

ஆனா குடுத்த வேலையை நான் குறை வைக்கிறது இல்ல, பாத்துக்கிடுங்க. முத வருஷமே எண்பத்திநாலு பக்கத்துக்கு நோட்ஸ் தயார் பண்ணிட்டேன். காலேஜ் கேட்டுக்கு எதிர்த்தாப்ல இருக்கிற ஜெராக்ஸ் கடையில கேட்டா எடுத்துக் கொடுப்பான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாதிரி வச்சிருக்கேன். மெமோவுக்கு ஒரு மாதிரி, புகார் கடிதத்துக்கு ஒரு மாதிரி, அறிக்கைக்கு ஒரு மாதிரி. அறிக்கைக்கு, ஒரு பஞ்சு கிட்டங்கில, குடோன்ல, தீப்பிடிக்கிறதை எழுதியிருக்கேன். சாயங்காலம் மூணே முக்காலுக்குப் பிடிக்கும். நாலரைக்கு அணைச்சிருவாங்க. ஒருத்தருக்கும் காயம் இருக்காது. பயலுவ கிட்டங்கிப் பேரை மட்டும் மாத்தி, அப்படியே எழுதி, ஃபைல் போட்டு, ரிப்பன் கட்டிக் கொண்டாருவான். நான் மார்ஜின் இருக்கா, தேதி இருக்கா, தலைப்பு இருக்கா, முடிவுரை இருக்கான்னு பாத்து மார்க் போடுவேன். வருஷத்துக்கு அறுபது பேரு. பத்தொன்பது வருஷமா அந்தக் கிட்டங்கி வருஷத்துக்கு அறுபது தடவை எரிஞ்சிருக்கு. ஒரு பிரச்சினை வந்ததில்ல.

இந்த வருஷந்தான் ஒரு பிள்ளை வந்து சேந்திச்சி. முப்பிடாதின்னு பேரு. பேரைக் கேட்டீங்களா? அவ அப்பன் கடையத்துல ஒரு அரிசி ஆலையில பாய்லருக்குத் தீ போடுற ஆளு. நெல் அவிக்கிற பாய்லர். பிள்ளையை மெக்கானிக்கல்ல சேத்திருக்கான். இங்கிலீஷ்ல நாலு வரி சேந்தாப்ல வராது. ஆனா கேள்வி மட்டும் கேக்கும். முத பெஞ்சுல உக்காந்துக்கிட்டு.

ஜனவரில கிளாஸ் ஆரம்பிச்சதும் மெமோ எடுத்தேன். மெமோன்னா எப்படி இருக்கணும்னு காட்டுறதுக்கு நானே நவம்பர்ல எழுதின ஒண்ணைப் போர்டுல எழுதிப் போட்டேன். அது என்ன கதைன்னா, நவம்பர் செமஸ்டர் பரீட்சைக்கு நாந்தான் ஹால்ல தலைமைக் கண்காணிப்பாளர். ஹாலுக்குப் பின்னாடி மெஸ். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா புஸ்ஸு புஸ்ஸுன்னு ஒரு சத்தம். பிள்ளைங்க எப்படிப் பரீட்சை எழுதும்? அந்த இடத்துலயே உக்காந்து, மெஸ் மேனேஜருக்கு ஒரு மெமோ எழுதினேன். பொருள், குறிப்பு, தேதி எல்லாம் சுத்தமா. மேற்படி சத்தம் உடனடியாக நிறுத்தப்பட வேண்டும், நகல் முதல்வருக்கு. அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துல சத்தம் நின்னுபோச்சு அண்ணாச்சி. பரீட்சை முடியிற வரைக்கும் ஒரு முணுமுணுப்பு இல்ல. அதான் எழுத்துக்கு உள்ள மரியாதை, பாத்தீங்களாடான்னு பயலுவகிட்ட சொன்னேன். எல்லாவனும் எழுதிக்கிட்டான். இந்தப் பிள்ளை மட்டும் எந்திரிச்சு நின்னு, "சத்தத்தை எப்படி சார் நிறுத்துனாங்க?"ன்னு கேட்டா.

எப்படி நிறுத்தினா உனக்கென்ன? அது நம்ம சிலபஸ்ல இல்ல, உக்காருன்னுட்டேன்.

அது அப்படியே உக்காந்திருக்கலாம்ல? மெஸ்ஸுக்குப் போயிருக்கு. போயி பாய்லரைப் பாத்திருக்கு. அந்தப் புஸ்ஸுன்னு வந்த சத்தம் பாய்லர்ல சேஃப்டி வால்வுல இருந்து வந்த சத்தமாம். உள்ள ஆவி அதிகமாச்சுன்னா அதுவா வெளிய தள்ளுமாம். சமையல் மாஸ்டர் பாக்கியநாதன் என் மெமோ வந்ததும் அந்த வால்வை மேல எந்திரிக்க விடாம கட்டுக்கம்பி போட்டு இறுக்கிட்டானாம். பரீட்சை முடிஞ்சும் அவுக்கல. அடுப்பைக் குறைச்சு வச்சே ஓட்டிக்கிட்டிருந்திருக்கான். இந்தப் பிள்ளை மேனேஜர்கிட்டப் போயிச் சொல்லியிருக்கு. அவரு, எதா இருந்தாலும் எழுத்துல கொண்டான்னிருக்காரு. அவரு சொன்னது சரிதானே? வாயில சொன்னதுக்கு என்ன ஆதாரம்?

அந்த நேரம் பாத்து நான் அறிக்கை எழுதிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன். ஐம்பத்தொன்பது பேரு கிட்டங்கியை எரிச்சுட்டு வந்தான். இது ஒண்ணு மட்டும் ரெண்டு பக்கத்துல பாய்லரை எழுதிட்டு வந்து நிக்கி. ஃபைல் இல்ல, ரிப்பன் இல்ல, மார்ஜின் இல்ல. முன்னுரை கிடையாது. எடுத்த எடுப்பிலேயே, ஹாஸ்டல் மெஸ் பாய்லர்ல சேஃப்டி வால்வு கம்பியால கட்டியிருக்கு, முழுத் தீ போட்டா வெடிக்கும், இன்னைக்கே கம்பியை வெட்டணும்னு ஆரம்பிக்கி. இப்படியா ஒரு அறிக்கையை ஆரம்பிப்பாங்க? வீட்டுக்கு வந்தவன் வாசல்ல நின்னு வணக்கம் சொல்ல வேண்டாமா? அடுத்த வரில, நவம்பர் ஒன்பதாம் தேதி பரீட்சை ஹால்ல இருந்து வந்த மெமோவுக்கு அப்புறம் கட்டினதுன்னு இருக்கு. தேவையில்லாத விவரம்னு பக்கத்துல எழுதினேன். பதினோரு பிழை. சிவப்பு மையில வட்டம் போட்டிருக்கேன், யாரும் எண்ணிப் பாத்துக்கலாம். பத்துக்கு நாலு போட்டு, மாதிரியைப் பின்பற்றவும்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டேன். பிப்ரவரி பத்து.

என்ன கேட்டீங்க? அப்போ கம்பியை யாரு அவுத்தாங்களா?

நீங்களும் அதையே கேக்கீங்க. எல்லாரும் அதையே கேக்காங்க. நான் இங்கிலீஷ் வாத்தியாரு அண்ணாச்சி, எனக்கும் கம்பிக்கும் என்ன? அறுபது ஃபைல் திருத்துறவன், ஒவ்வொண்ணுலயும் என்ன எழுதியிருக்குன்னு பாத்துக்கிட்டிருந்தா விடிஞ்சிரும். ஒருத்தன் கிட்டங்கி எரியுதுன்னு எழுதினா நான் தீயணைப்பு வண்டிக்கா போன் பண்ணுவேன்? வாசிக்கலைன்னு சொல்லாதீங்க. ஒரு காற்புள்ளி விடாம வாசிச்சிருக்கேன்.

அந்தப் பிள்ளை ரெண்டு நாள் கழிச்சு ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னு, சார் மேல அனுப்பிட்டீங்களான்னு கேட்டுச்சு. மார்க் லிஸ்ட்டைக் கேக்குதுன்னு நினைச்சு, அனுப்பிட்டேன், போன்னேன். அது என்னத்தைக் கேட்டுச்சுன்னு எனக்கு அப்புறந்தான் தெரியும். அறிக்கையில மேல, பெறுநர் மெஸ் மேனேஜர், முதல்வர்னு போட்டு, வழி அப்படின்னு என் பேரைப் போட்டிருக்கு. எதை எழுதினாலும் மேலதிகாரி வழியாத்தான் அனுப்பணும்னு நாந்தான் கிளாஸ்ல சொன்னேனாம். சொல்லியிருக்கேன், இல்லைங்கலை. அது வேலைக்குப் போனதுக்கு அப்புறம் செய்ய வேண்டியது. கிளாஸ்ல எழுதுற அறிக்கை கிளாஸோட முடிஞ்சு போச்சு. எந்தப் பிள்ளையாவது பாடத்தை இப்படி நெசம்னு எடுத்துக்கிடுமா?

மார்ச் ஒண்ணாந்தேதி ஆண்டு விழா. ரெண்டாயிரம் பேருக்குச் சாப்பாடு. அன்னைக்குத்தான் பாக்கியநாதன் அடுப்பை முழுசாத் தூண்டியிருக்கான். நாங்க மேடைல குத்துவிளக்கு ஏத்திக்கிட்டிருக்கோம், பின்னாடி டமார்னு கேட்டுச்சு. விழாவுக்குப் போட்ட வெடின்னு நினைச்சு கைதட்டினாங்க. பாய்லர்ல இருந்து சோத்துக் கொப்பரைக்குப் போற குழாய் மூட்டோட பிச்சிக்கிட்டு, ஆவி அப்படியே அவன் முகத்துல அடிச்சிருக்கு. ரெண்டு கையும் முகமும். வலது கண்ணு போச்சு.

நல்ல மனுசன் அண்ணாச்சி. பதினோரு மணிக்கு எனக்கு மட்டும் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்து விடுவான். ரெண்டு நாளைக்கு எனக்குச் சோறு எறங்கலை.

இவ்வளவும் நடந்தும், அந்த அறிக்கை ஒருத்தர் கண்ணுலயும் பட்டிருக்காது. நானே கொண்டுபோயி வச்சேன். வேலில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதை. எங்க காலேஜ்ல ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் ஃபைல்னு ஒண்ணு உண்டு. வெளிய இருந்து ஆய்வுக்கு வாரவங்க பாக்கிறதுக்காக, பிள்ளைங்க எழுதினதுல முத மார்க் ஒண்ணு, நடு மார்க் ஒண்ணு, கடைசி மார்க் ஒண்ணு, மூணை மட்டும் அதுல கோர்த்து வைக்கணும். மத்ததைப் பழைய பேப்பர் கடைக்குப் போடலாம். கடைசி மார்க் யாரு? இந்தப் பிள்ளைதான். முறைப்படி கோர்த்து, சீல் வச்சு, பக்க எண் போட்டு அலுவலகத்துல ஒப்படைச்சிருக்கேன். என் வேலை அவ்வளவு சுத்தம். விசாரணைக்கு வந்தவங்க முத நாளே அதைத் தூக்கிட்டாங்க. காலேஜுக்கு முன்னாடியே தெரியும்கிறதுக்கு அதான் சாட்சியாம். என் கையெழுத்தோட. தேதியோட.

விசாரணைக்கு சாமிதாஸ்னு ஒரு ரிட்டயர்டு பாய்லர் இன்ஸ்பெக்டரைப் போட்டிருக்காங்க. காக்கிச் சட்டை போட்டுப் பழகின உடம்பு, மேஜைல டீ கிளாஸ் ஈரத்தோட காகிதத்தை வைக்கிற ஆளு. எனக்குத் தெரிஞ்சதை ஒரு பக்கத்துல எழுதிக் கொடுக்கச் சொன்னாரு. என்ன நடந்தது, என்னைக்கு நடந்தது, யாருக்கு எப்போ தெரியும். இது ஒரு பெரிய காரியமா எனக்கு? அன்னைக்கே எழுதிக் கொடுத்தேன். அழகான முன்னுரை. கல்வியின் நோக்கம், ஆசிரியரின் கடமை, கூட்டுப் பொறுப்பு, வருத்தத்திற்குரிய சம்பவம். படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்தாரு. நல்லாருக்கு சார், ஆனா இதுல ஒண்ணும் இல்லையேன்னாரு. மறுபடி எழுதினேன். மறுபடியும் திருப்பிட்டாரு. வீட்டுல உக்காந்து ஏழு தடவை எழுதிட்டேன் அண்ணாச்சி. முன்னுரை வரைக்கும் நல்லா வருது. அதுக்கு மேல, நவம்பர் ஒன்பதாம் தேதின்னு எழுதினதும் கை நின்னுருது. பேனா மாத்திக்கூடப் பாத்தேன்.

இன்னைக்குக் காலைல மூணாவது தடவை போனப்போ அந்த மனுசன் என்ன பண்ணினாரு தெரியுமா? கோர்ஸ் ஃபைலைத் திறந்து, அந்தப் பிள்ளையோட ரெண்டு பக்கத்தையும் எடுத்து என் முன்னாடி வச்சு, "இந்த மாதிரி எழுதிட்டு வாங்க சார், நாளைக்குக் காலைல பத்து மணி, அதான் கடைசி"ன்னாரு.

என்கிட்ட. நான் நாலு மார்க் போட்டதை மாதிரின்னு என்கிட்ட நீட்டுதாரு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? பாய்லரைத் தட்டிப் பாத்துக்கிட்டே ஆயுசைக் கழிச்சவருக்கு மார்ஜின்னா என்னன்னு தெரியுமா, முன்னுரைன்னா என்னன்னு தெரியுமா?

எனக்கு வேற வழி இருக்கான்னு யோசிச்சேன். கம்பி கட்டினவன் பாக்கியநாதன். அவனே சொல்லிட்டா முடிஞ்சுது. பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிட்டுத்தான் போனேன். முகமெல்லாம் கட்டு. என் குரலைக் கேட்டதும் எந்திரிக்கப் பாத்தான். நான் கேக்காமலே, "பிள்ளைகளுக்குப் பரீட்சை கெட்டிரக் கூடாதுன்னுதான் கட்டினேன் சார், முடிஞ்சதும் அவுக்கட்டான்னு கேட்டேன், மறுபடி சத்தம் வந்தா சார் திட்டுவாங்கன்னு மேனேஜர் சொல்லிட்டாரு"ன்னான். அதை அப்படியே எழுதிக் கொடுன்னேன். அவன் ரெண்டு கையையும் மெதுவா போர்வைக்கு வெளிய எடுத்துக் காட்டினான். முழங்கை வரைக்கும் கட்டு. அதைக் கேட்டிருக்க வேண்டாம். அது என் தப்புதான், ஒத்துக்கிடுதேன். அவன் பொண்டாட்டி நான் கொண்டுபோன ஆரஞ்சைத் திருப்பி என் பையிலேயே போட்டுட்டா. படிக்காத சனம், அவங்களுக்கு என்ன தெரியும்னு வந்துட்டேன்.

இப்போ எதுக்குக் கடையம் போறேன்னு கேக்கீங்களா? சாட்சிக்காரன் கால்ல விழுறதுக்குச் சண்டைக்காரன் கால்லயே விழுந்துரலாம்னு சும்மாவா சொன்னாங்க. ஹாஸ்டலை மூடிட்டாங்க, பிள்ளைங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுல கிடக்கு. அந்த இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பிள்ளை எழுதுற மாதிரிதானே வேணும்? சரி, அவளையே எழுதச் சொல்லிருவோம். ஒரு பக்கந்தானே. நான் எழுதத் தெரியாமப் போகலை, பாத்துக்கிடுங்க. மேஸ்திரி எழுதுற மாதிரி எழுதுறதுக்கு மேஸ்திரிதான் வேணும், அவ்வளவுதான். அவ எழுதிக் கொடுத்தா பிழையை நான் திருத்திக்கிடுவேன். மார்ஜின் போட்டுக்கிடுவேன்.

மத்தியானம் போன் பண்ணினேன். அவ அப்பன்தான் எடுத்தான். பின்னாடி ஆலைச் சத்தம். நான் யாருன்னு சொன்னதும் மறுபேச்சுப் பேசாம போனை மகள்கிட்டக் கொடுத்துட்டான். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளை மாட்டேன்னுதான் சொல்லும்னு நினைச்சேன். சொல்லலை. வாங்க சார், எழுதித் தாரேன்னா. பாத்தீங்களா, என்ன இருந்தாலும் குருன்னு ஒரு பயம் இருக்கும்லா.

நடந்ததை நடந்தபடி எழுதலாமான்னு கேட்டா. எழுதும்மா, அதுக்குத்தானே வாரேன்னேன். தேதி போட்டு எழுதலாமான்னா. போடுன்னேன். நவம்பர் மெமோவையும் சேக்கணுமேன்னா. சேத்துக்கோ, அது நல்ல மெமோதான்னேன். நான் வந்து அனுப்பிட்டீங்களான்னு கேட்டதையும் எழுதவான்னா. அது எதுக்குன்னு எனக்கு விளங்கலை. இருந்தாலும், எத்தனை மணிக்கு வந்தேன்னு ஞாபகம் இருந்தா அதையும் எழுதுன்னேன். அந்த இன்ஸ்பெக்டருக்கு மணி இருந்தா ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் மெதுவா, கீழ கையெழுத்து நீங்கதானே சார் போடுவீங்கன்னு கேட்டா. நாந்தான் போடுவேன், பின்ன வேற யாரு போடுவான்னேன்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்"ங்கா.

எப்படி இருக்கு பாருங்க அண்ணாச்சி. பத்தொன்பது வருஷமா திருத்துறவன்கிட்ட, நேத்துப் பொறந்தது சொல்லுது, படிச்சுப் பாருங்கன்னு.